பைத்தியத்திற்குக் காரணம் எழுதும் யோக்கியதை

ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த மடவார் வளாகத்தில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அங்குள்ள சாமிக்கு வைத்தியநாதர் என்று பெயர். அதாவது வைத்தியர்களுக்கெல்லாம் தலைவராம். திருமலை நாயக்கருக்கு வயிற்று நோய் கண்டு எந்த மருந்துக்கும் தீராமல் இருந்ததாம். இந்தச் சாமியைக் கும்பிட்டதும் தீர்ந்து போயிற்றாம். அந்த நன்றிக்காக அவர் இவ்வூரிலிருந்து மதுரை வரைக்கும் வழிநெடுக மண்டபங்கள் கட்டி, இங்கே பூஜை முடிந்ததும் மண்டபத்துக்கு மண்டபம் முழங்கச் செய்து, அந்தச் சேதி மதுரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பாராம். இது ஸ்தல புராணக்காரர்கள் சொல்லுகிற சங்கதி.

நாயக்கருக்கு வந்தது என்ன வியாதி, எத்தனை நாள் இருந்தது, அதற்கு முன் என்ன மருந்து சாப்பிட்டார், தானாகவே தீரக்கூடிய வியாதியா என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆகையால்தான் அது வைத்தியமாகாமல் புராணமாயிற்று. வைத்தியத்துக்கும் புராணத்துக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் இவ்வளவுதான்: ஒன்று விசாரித்து எழுதுவது, மற்றொன்று விசாரிக்காமல் சொல்லுவது.

நிற்க. இன்று நாம் எழுத வந்தது சாமி வைத்தியத்தைப் பற்றி அல்ல. அதைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. சாமியையும் பேயையும் விட்டு வெளியே வந்து, படித்த டாக்டரிடம் போகிற ஏழைக்கும் அதே புராணந்தான் கிடைக்கிறது என்பதைப் பற்றியே எழுத வந்தோம்.

ராஜபாளையத்து நூல் மில்லிலோ, அல்லது ஊரார் புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி நெய்து அனுப்புகிற சத்திரப்பட்டித் தறியிலோ வேலை செய்யும் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் குடிக்கிறவன். ஒரு நாள் இரவு யாரோ தன்னைக் கொல்லச் சதி செய்வதாகக் காதில் கேட்கிறது என்கிறான். பெண்டாட்டி சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்கிறான். முதல் நாள் அவனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள். இரண்டாம் நாள் செய்வினை என்கிறார்கள். மந்திரித்த கயிறு கட்டி, பணம் தீர்ந்து, மூன்றாம் நாளோ முப்பதாம் நாளோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கேட்கப்படுகிற கேள்வி ஒன்றே ஒன்று. “குடிப்பானா?” “ஆமாம்.” உடனே சீட்டில் “குடியால் வந்த பைத்தியம்” என்று எழுதியாயிற்று. அத்துடன் விசாரணை முடிந்தது.

காரணம் என்னவென்று பூசாரியைக் கேட்டால் பேய் என்கிறான். டாக்டரைக் கேட்டால் குடி என்கிறார். இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். பேய் என்பது இல்லாத வஸ்து, குடி என்பது இருக்கிற வஸ்து என்று சொல்லுவார்கள். வாஸ்தவந்தான். ஆனால் இருக்கிற வஸ்துவைக்கூட விசாரிக்காமல் எழுதினால் அதுவும் பேய்க் கதைதான் என்பதே நம் அபிப்பிராயம்.

குடிகாரனுக்குப் புத்தி பேதலிப்பது ஒரே வியாதி அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தார் வகுத்த சர்வதேச நோய்ப் பட்டியலின் 10-ஆவது பதிப்பில் ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு குறியெண் உண்டு. அதில் எஃப் 10 என்பது குடி. எஃப் 12 என்பது கஞ்சா. புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்தான் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லுவது. குடித்த வெறியில் உளறினால் அது எஃப் 10.0. குடியை நிறுத்தின சில நாளில் கை கால் நடுங்கி, வேர்த்துக் கொட்டி, பகல் எது இரவு எது என்று தெரியாமல், இல்லாத பூச்சியைக் கையால் பிடிக்கப் பார்க்கிற ஜன்னியானால் அது எஃப் 10.4. நினைவு தெளிவாக இருக்கும்போதே குரல் கேட்பதும் சந்தேகம் பிடித்து ஆட்டுவதுமான சித்தப்பிரமையானால் அது எஃப் 10.5. குடிக்கும் வியாதிக்கும் சம்பந்தமில்லாமல், மனச்சிதைவு நோய் ஏற்கெனவே இருந்து, அவன் அதன்மேல் குடிக்கவும் செய்கிறான் என்றால் அது எஃப் 20. காதில் கேட்கிற குரலை அடக்குவதற்காகவே குடிக்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குடியால் கெட்டவர்கள் என்று எழுதுவது, தலைவலிக்குப் பற்றுப் போட்டவனைப் பார்த்து, பற்றினால்தான் தலைவலி வந்தது என்று சொல்லுவது போலாகும்.

இது வெறும் எண் சண்டை அல்ல. ஜன்னி ஆளைக் கொல்லக்கூடியது. அதை அடக்குகிற மருந்தும், தயமின் என்கிற பி1 வைட்டமினும் காலத்தில் கொடுக்காமல் விட்டால் உயிர் போகலாம். உயிர் தப்பினாலும் ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம். சித்தப்பிரமைக்கு மருந்து வேறு. மனச்சிதைவுக்கோ வருஷக்கணக்கில் மருந்தும் கவனிப்பும் வேண்டும். இத்தனையையும் “குடிப்பைத்தியம்” என்கிற ஒரே சொல்லில் மூட்டை கட்டுகிறவர் எந்த மருந்தை எந்த நியாயத்தின் பேரில் கொடுப்பார்?

இவற்றைப் பிரித்து அறிவது எப்படி என்று கேட்கலாம். அதற்கும் அந்தப் பட்டியலிலேயே வழி சொல்லியிருக்கிறது. லாகிரி வஸ்துவினால் வந்த சித்தப்பிரமை, வஸ்துவை உபயோகிக்கும்போதோ, உபயோகித்த பின் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள்ளோ தோன்றும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் ஓரளவேனும் தெளிந்து, 6 மாதத்துக்குள் முழுதும் தீரும். அப்படித் தீராவிட்டால் வேறு வியாதியோ என்று பார்க்கவேண்டும். ஆகவே கடைசியாகக் குடித்தது எந்தத் தேதி, எத்தனை மணி, குரல் கேட்க ஆரம்பித்தது அதற்கு முன்னா பின்னா, முன்பு குடிக்காமல் இருந்த மாதங்களில் இப்படி இருந்ததுண்டா, தலையில் அடிபட்டதுண்டா, காய்ச்சல் உண்டா, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, கஞ்சாவோ மாத்திரையோ கூட உண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் இந்த நோய் உண்டா என்று கேட்டு எழுதினாலொழிய இந்த வியாதிக்குப் பெயர் வைக்கவே முடியாது. ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் திரும்பப் பார்த்து எழுதினாலொழிய வைத்த பெயர் சரிதானா என்று தெரியவும் தெரியாது. 2022 ஜனவரி 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த 11-ஆவது பதிப்பில் குடியினால் வரும் சித்தப்பிரமைக்கு 6சி40.6 என்று எண் மாறியிருக்கிறது. எண் மாறியதே தவிர, கேட்கவேண்டிய கேள்வி மாறவில்லை.

விசாரிக்காமல் காரணம் எழுதுகிற வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்பே இதன் வண்டவாளம் வெளியாகியிருக்கிறது. கஞ்சாவைப் பற்றி 1893-ம் வருஷம் மார்ச்சு மாதம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கேள்வி கிளம்பிற்று. இந்தியப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் கஞ்சாவினால் கெட்டவர்களால் நிரம்பிக் கிடக்கின்றன என்பது அப்பொழுது பலமாகச் சொல்லப்பட்ட பேச்சு. அதற்கு ருஜு என்னவென்றால் அந்த ஆஸ்பத்திரிகளின் ரிஜிஸ்டர்கள்தான். சர்க்கார் மக்வொர்த் யங் என்பவரைத் தலைவராக வைத்து ஒரு கமிஷன் போட்டார்கள். அந்தக் கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்ததுடன் நில்லாமல், ரிஜிஸ்டர்களையே கையில் எடுத்துக்கொண்டு, 1892-ம் வருஷத்தில் சேர்ந்த வியாதியஸ்தர்களை ஒவ்வொருவராக ஊரிலும் வீட்டிலும் விசாரித்தது.

விசாரித்ததில் கண்டது என்ன? காரணம் என்கிற பத்தியை நிரப்பியவர் பெரும்பாலும் டாக்டரல்ல. பைத்தியத்தைப் பிடித்து அனுப்பிய போலீஸ்காரர் சீட்டில் எதையோ எழுதியனுப்புவார். ஆஸ்பத்திரி குமாஸ்தா அதைப் பார்த்து ரிஜிஸ்டரில் இறக்குவார். பத்தியைக் காலியாக விடக்கூடாது. கஞ்சா என்று எழுதினால் மேலே ஒருவரும் கேட்கமாட்டார்கள். இவ்வளவுதான் அந்தச் சாஸ்திரத்தின் அஸ்திவாரம். கஞ்சாவினால் வந்தது என்று ரிஜிஸ்டரில் ஏறியிருந்தவை 200-க்கு மேல். விசாரணைக்குப் பிறகு அந்த வருஷத்தில் சேர்ந்த 1,344 பேரில் கஞ்சாவோடு சம்பந்தப்படுத்தக்கூடியவர்கள் 98 பேர்தான் என்று ஏற்பட்டது. அதாவது நூற்றுக்கு 7-க்குச் சற்று அதிகம். ஏட்டில் இருந்ததில் பாதிக்குமேல் விசாரணையில் நிற்கவில்லை. அப்படியிருந்தும் அந்த ஏட்டை வைத்துக்கொண்டுதான் வருஷா வருஷம் புள்ளிவிவரம் போட்டார்கள், புத்தகம் எழுதினார்கள், படித்தவர்கள் படித்து ஆமாம் போட்டார்கள்.

இதைக் கொண்டு கஞ்சா நல்ல வஸ்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மிதமிஞ்சி உபயோகித்தால் புத்தி கெடும் என்பதை அந்தக் கமிஷனும் ஒப்புக்கொண்டது. இன்றைய ஆராய்ச்சி அதைவிடக் கடுமையாகச் சொல்லுகிறது. டென்மார்க் தேசத்தில் 1994 முதல் 2014 வரை லாகிரி வஸ்துவினால் சித்தப்பிரமை என்று எழுதப்பட்ட 6,788 பேரின் பிற்கால வரலாற்றை எடுத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 32 பேர் பின்னால் மனச்சிதைவு வகையைச் சேர்ந்த நோயோ இருதுருவ மனநோயோ உடையவர்களாயினர். கஞ்சாக்காரரில் மாத்திரம் எடுத்தால் நூற்றுக்கு 47 பேர். அதாவது “கஞ்சாவினால் வந்தது, விட்டால் சரியாகிவிடும்” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் சரியாகாமல் திரும்பி வருகிறவர்கள்.

டென்மார்க்காரனுக்கு இது எப்படித் தெரிந்தது? அவனுக்கு ஞானதிருஷ்டி ஒன்றும் கிடையாது. எழுதி வைத்தான், எழுதினதைத் தொலைக்காமல் வைத்திருந்தான், இருபது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தான். நம் மில் தொழிலாளியை இந்த வருஷம் ஒரு ஆஸ்பத்திரியிலும் அடுத்த வருஷம் மதுரையில் மற்றொன்றிலும் காட்டினால், முதல் ஆஸ்பத்திரிச் சேதி இரண்டாவதற்குப் போய்ச் சேருகிறதா? புராணத்தில் பூஜைச் சேதி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்கு நாள் தவறாமல் போயிற்றாம். நிஜத்தில் ஒரு மனிதனுடைய வியாதிச் சேதி அவன் பெண்டாட்டி கையிலிருக்கிற மஞ்சள் பையைத் தாண்டிப் போவதில்லை. அந்தப் பையில் உள்ள சீட்டிலோ இரண்டு வரிக் கிறுக்கலும் மாத்திரைப் பெயரும் தவிர வேறு கிடையாது.

நம்மவர்களுக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சென்னையிலும் கோயமுத்தூரிலும் திருச்சியிலும் எத்தனையோ பட்டதாரிப் பிள்ளைகள் இராப்பகலாக உட்கார்ந்து அமெரிக்கக்காரனின் வியாதிக்குக் குறியெண் போடுகிறார்கள். மெடிக்கல் கோடிங் என்பது அந்த உத்தியோகத்தின் பெயர். அமெரிக்கக் குடிகாரனுக்குப் பிரமை வந்தால் எஃப் 10.5 என்று எழுதி முடித்துவிட முடியாது. அவன் குடிக்கு அடிமைப்பட்டவன், அதனால் சித்தப்பிரமை, அதிலும் இல்லாததைக் காண்கிறான் கேட்கிறான் என்றால் எஃப் 10.251, இல்லாததை நம்புகிறான் என்றால் எஃப் 10.250. டாக்டர் சீட்டில் எழுதாததை இவர்களாக யூகித்து எண் போடக்கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டருக்கே கேள்வி எழுதிக் கேட்கவேண்டும். எழுதாதது நடக்காதது என்பது அந்தத் தொழிலின் வேதம். இவ்வளவு ஒழுங்கும் அந்நியன் வியாதிக்கு! அதே பிள்ளை பொங்கலுக்கு ஊருக்கு வந்தால், சொந்தச் சித்தப்பாவுக்கு என்ன வியாதி என்று வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

இதன் ரகசியம் என்னவென்றால் பணந்தான். அங்கே எழுதினால்தான் இன்ஷுரன்ஸ் பணம் வரும். மனநோய்க்கும் லாகிரிப் பழக்கத்துக்கும் இன்ஷுரன்ஸ் கொடுக்கிறவர்கள் உடம்பு நோய்க்கு இல்லாத கடுமையான நிபந்தனையை இவற்றுக்கு வைக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 2008-ல் சட்டமே செய்திருக்கிறார்கள். இங்கேயோ உள்ளதை எழுதினால் வருகிற பணமும் போய்விடும். இன்ஷுரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தார் 2019-ல் வகுத்த விலக்குகளில் 12-ஆவது விலக்கு என்ன சொல்லுகிறது? குடி, லாகிரி வஸ்து முதலிய பழக்கங்களுக்கும் அவற்றின் பின்விளைவுகளுக்கும் செய்கிற சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்கிறது. பின்விளைவு என்கிற ஒரு சொல் போதும், எஃப் 10.5 என்று எழுதிய சீட்டைக் கம்பெனிக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆனால் பார்லிமெண்டு என்ன சொல்லிற்று? 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்பது இன்னதென்று சொல்லும் இடத்தில், குடியினாலும் லாகிரி வஸ்துக்களினாலும் உண்டாகும் மனநிலைகளையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் ஒவ்வொரு கம்பெனியும் இன்ஷுரன்ஸ் செய்யவேண்டும் என்கிறது. மனநோய்க்குக் கொடுக்க மறுத்த ஒரு கம்பெனியை 2021-ல் டில்லி ஹைகோர்ட்டு இந்தப் பிரிவைக் காட்டியே பணம் கொடுக்கச் சொல்லிற்று.

“குடியினால் ஈரல் கெட்டாலும் நாங்கள் கொடுப்பதில்லை, ஆகவே உடம்புக்கும் மனதுக்கும் சமமாகத்தானே நடத்துகிறோம்” என்று கம்பெனியார் சொல்லலாம். ஈரல் நோய் இன்னது என்று சட்டம் விளக்கம் சொல்லி அதில் குடியைச் சேர்க்கவில்லை. மனநோய்க்கு விளக்கம் சொல்லி அதில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பார்லிமெண்டு வாசல் திறந்துவிட்ட ஒருவனை, காவல்காரன் 12-ஆம் நம்பரைக் காட்டிக் கழுத்தைப் பிடித்துத் தள்ள அதிகாரம் யார் கொடுத்தார்கள்?

அதன் உள்ளே இருப்பது கணக்கு மாத்திரமல்ல. கர்மபலன் தத்துவமும் இருக்கிறது. “குடித்தான், அனுபவிக்கிறான்” என்பதற்கும், “போன ஜன்மத்தில் செய்தான், இந்த ஜன்மத்தில் அனுபவிக்கிறான்” என்பதற்கும் இடையில் ஒரு ஜன்மம் குறைந்ததே தவிர வேறு என்ன குறைந்தது? இந்த மாகாணத்தில் 2003-ம் வருஷம் முதல் சாராயத்தைச் சில்லறையில் விற்கிறவர்கள் சர்க்காரே ஆவார்கள். அதில் வரும் வருமானம் வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பதில் பாவமில்லை, வரி வாங்குவதில் பாவமில்லை, குடித்துப் புத்தி பேதலித்தவன் வைத்தியச் செலவு கேட்பதில் மாத்திரம் பாவம் வந்துவிட்டது!

இதற்குள் இரக்கமுள்ள டாக்டர்களும் அகப்பட்டுக்கொள்ளுகிறார்கள். “அய்யா, குடி என்று எழுதிவிடாதீர்கள். பணம் வராது, பெண்ணுக்கு வரன் வராது” என்று வீட்டார் காலில் விழுகிறார்கள். டாக்டரும் மனமிரங்கிக் குடியை மறைத்துவிட்டு மனச்சிதைவு என்றோ வெறும் காய்ச்சல் என்றோ எழுதிவிடுகிறார். இதை நாம் கருணை என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆறு மாதத்தில் தீரக்கூடிய வியாதிக்காரன் ஆயுள் முழுவதும் மனச்சிதைவுக்காரனாகி, வேண்டாத மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். காய்ச்சல் என்று எழுதப்பட்டவன் மறுபடி ஜன்னியோடு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்குள்ள டாக்டருக்குக் குடி என்பதே தெரியாமல் உயிர் போகும். பொய்ச் சீட்டு இன்றைக்குப் பணம் வாங்கிக் கொடுக்கும். நாளைக்கு ஆளை வாங்கிவிடும். ஆனால் அந்தக் குற்றத்தில் முதல் பங்கு பொய் எழுதினால்தான் பிழைக்கலாம் என்று ஒரு குடும்பத்தை நிறுத்தி வைத்த 12-ஆவது விலக்கைச் சேரவேண்டியது.

எழுத்தும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம் என்று விட்டால் முடிவு என்ன என்பதற்கு நெடுந்தூரம் போகவேண்டாம். பக்கத்து ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பற்றிற்று. உள்ளே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் எரிந்தார்கள். செத்தவர்கள் 28 பேர். சாமி எந்த மதத்துச் சாமியானாலும் சங்கிலி ஒன்றுதான். சங்கிலிக்கு வியாதியின் பெயர் தேவையில்லை. மூன்று வாரத்தில் தெளியக்கூடியவனையும் முப்பது வருஷம் மருந்து வேண்டியவனையும் அது ஒரே மாதிரிதான் பிணைக்கும். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. நாம் சொல்லுவது, ஒரு சொல்லில் கட்டுவதும் கூடாது என்பது.

ஆகவே நாம் கேட்பது அதிகமல்ல. சித்தப்பிரமையோடு வருகிற ஒவ்வொருவருடைய சீட்டிலும் என்ன வஸ்து, கடைசியாக எப்போது, வியாதி தொடங்கியது எப்போது, நினைவு தெளிவா கலக்கமா என்கிற நான்கு கேள்விக்கும் பதில் எழுதப்படவேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதவேண்டும். பத்தியை நிரப்புவதற்காகக் குடி என்று எழுதக்கூடாது. முதல் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மறுபடி பார்த்து, பெயர் தப்பானால் திருத்தவேண்டும். குடியினால் வரும் மனநோயின் அளவிலாவது 12-ஆவது விலக்கை ஒழிக்கவேண்டும். வீட்டாரும் டாக்டரிடம் உள்ளதை மறைக்கக் கூடாது. சீட்டில் உள்ளதை நோயாளியின் சம்மதமின்றி ஊராருக்குச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது என்றும், தன் சீட்டைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு என்றும் அதே சட்டம் சொல்லியிருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரையை மாத்திரம் எண்ணி வாங்கிக்கொண்டு வராமல், “என்ன வியாதி என்று எழுதியிருக்கிறீர்கள், எதைக் கொண்டு அப்படி எழுதினீர்கள்?” என்று கேட்டு வாங்கி வரவேண்டும்.

கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று பயப்படவேண்டியதில்லை. கேள்வி கேட்டால் கோபிக்கிறவர் பூசாரி. கேள்வி கேட்டால் ஏட்டைத் திறந்து காட்டுகிறவர்தான் வைத்தியர்.